டோபமின் ஏற்பிகளும் மருந்துகளும்: உயிரினத்திற்கு உயிரினம் வேறுபடுவது ஏன்?

ஊத்துக்கோட்டையிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்துள்ளது நாகலாபுரம். வேதநாராயண சுவாமி கோயிலால் பலரும் அறிந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய அடிவாரங்களில், புதர்களிலும் வேலிகளிலும் ஏறிப் படரும் கொடி ஒன்று உண்டு. தமிழில் அது பூனைக்காலி, தெலுங்கில் தூலகொண்டி. காயின் மேலுள்ள சுணை உடலில் பட்டால் தாங்கொணா அரிப்பு உண்டாகும் என்பது மாடு மேய்க்கும் சிறுவருக்கும் தெரிந்த செய்தி. அதன் விதைக்குள் இருப்பது என்ன என்பதை முதலில் ஆராய்ந்து கூறியது சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் இவ்விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, 1937ஆம் ஆண்டு அறிவித்தனர். மூளையில் டோபமின் என்றொரு செய்திகடத்தி உண்டென்பது உலகிற்குத் தெரிவதற்கு இருபது ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. லெவோடோபாவே உடலில் டோபமினாக மாறும் பொருள்.

இவ்விதையை எல்லா உயிர்களும் ஒரே வகையில் ஏற்பதில்லை. பச்சையாக அரைத்துத் தீவனத்தில் கலந்தால் கோழிகளும் பன்றிகளும் தீனியைக் குறைத்துக்கொள்கின்றன; வளர்ச்சி தடைப்படுகிறது. ஆடுகளும் மாடுகளும் அதே விதையைப் பெரிதும் தீங்கின்றித் தின்று செரிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடியினர் சிலர் விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிய பின்னரே உண்கின்றனர். ஒரே பொருள், ஒரே உயிரியல் வழி; ஆயினும் விளைவு வேறு. கால்நடை மருத்துவமாயினும், புதிய மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் பணியாயினும், எலியில் கண்ட முடிவை மனிதனுக்குப் பொருத்தும் ஆராய்ச்சியாயினும், இவ்வேறுபாட்டின் தன்மையை அறிவது இன்றியமையாதது.

ஏற்பி என்பது யாது?

நரம்புச் செல் ஒன்று அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்ப விரும்பும்போது வேதிப்பொருள் ஒன்றைச் சிறிதளவு வெளியிடுகிறது. டோபமின் அத்தகைய பொருள்களுள் ஒன்று. அதைப் பெறும் செல்லின் மேற்பரப்பில் அதற்கென அமைந்த புரதமே ஏற்பி எனப்படுகிறது. டோபமின் ஏற்பி, செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்து கிடக்கும் நீண்ட சங்கிலியாகும். அந்த ஏழு மடிப்புகளுக்கு நடுவே ஒரு குழிவு உள்ளது. டோபமின் அக்குழிவில் வந்து பொருந்தும்போது ஏற்பியின் உட்புறம் உருமாறி, செல்லுக்குள் செய்தி செல்கிறது. மருந்துகளில் ஒரு சாரார் டோபமினைப் போலவே குழிவில் அமர்ந்து ஏற்பியைத் தூண்டுகின்றன. மற்றொரு சாரார் அமர்ந்துகொண்டு எதுவும் செய்யாமல் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. இவை தடுப்பு மருந்துகள். மனநோய் மருத்துவத்தில் பயன்படும் குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால் ஆகியவையும் வாந்தியை நிறுத்தும் டோம்பெரிடோனும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

1979ஆம் ஆண்டில் கெபாபியன், கால்ன் ஆகிய இருவரும் இவ்வேற்பிகளை டி-1, டி-2 என இரு வகையாகப் பிரித்தனர். 1988ஆம் ஆண்டு எலியின் டி-2 ஏற்பிக்கான மரபணு பிரித்தறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் டி-3, டி-4, டி-5 என மேலும் மூன்று கண்டறியப்பட்டன. இன்று டி-1, டி-5 இரண்டும் ஒரு குடும்பம் எனவும், ஏனைய மூன்றும் மற்றொரு குடும்பம் எனவும் கொள்ளப்படுகின்றன.

இரு இந்தியச் செடிகளும் ஒரு முயலும்

டோபமினின் வரலாற்றில் இந்தியாவின் பங்கு பூனைக்காலியோடு முடியவில்லை. பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்த மூலிகை சர்ப்பகந்தி. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் அதன் வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதையும் மனக்கிளர்ச்சியை அடக்குவதையும் 1931ஆம் ஆண்டில் எழுதினர். பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் இரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பயனை 1949ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே மேலைநாடுகள் கவனம் செலுத்தின. 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் வேரிலிருந்து ரிசர்ப்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர்.

ரிசர்ப்பின் எவ்வாறு வேலை செய்கிறது என்ற வினாவிற்கு விடை தேடியவர் ஸ்வீடனின் ஆர்வித் கார்ல்சன். ரிசர்ப்பின் கொடுக்கப்பட்ட முயல் காதுகள் தொங்க, அசைவின்றிக் கிடந்தது. அதற்கு டோபாவைச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடியது. 1957ஆம் ஆண்டு வெளியான இவ்வாராய்ச்சியும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளின் பணிகளும் டோபமின் தன்னளவிலேயே ஒரு செய்திகடத்தி என்பதை நிலைநாட்டின. ரிசர்ப்பின் நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்ட டோபமினைக் காலி செய்கிறது. டோபா அதை மீண்டும் நிரப்புகிறது. சர்ப்பகந்தியின் வேரில் உள்ள பொருள் எடுத்துக்கொண்டதைப் பூனைக்காலியின் விதையில் உள்ள பொருள் திருப்பித் தந்தது எனலாம். இப்பணிக்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா இன்றளவும் முதன்மை மருந்தாக இருப்பதற்கு அடிப்படை இதுவே. பூனைக்காலி விதைத்தூளையே அந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பம்பாயில் நடந்த ஆய்வு 1978ஆம் ஆண்டு வெளிவந்தது.

முயலில் கண்டது மனிதனுக்கும் பொருந்தியது. இங்கு அது நற்பேறாக அமைந்தது. எல்லா இடங்களிலும் அவ்வாறு அமைவதில்லை.

கன்றின் மூளையும் மனிதனின் மாத்திரையும்

மருந்து ஏற்பியுடன் எவ்வளவு உறுதியாகப் பிணைகிறது என்பதை அளக்கும் முறை 1970களின் நடுவில் உருவாயிற்று. டோபமின் மிகுந்துள்ள மூளைப் பகுதியை அரைத்து, சவ்வுகளைப் பிரித்துக் கழுவி எடுக்கின்றனர். கதிரியக்க அடையாளமிட்ட ஹாலோபெரிடால் போன்ற மருந்தை அதனுடன் கலக்கின்றனர். அது ஏற்பிகளில் அமர்ந்த பின், அடையாளமிடாத வேறொரு மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எந்த அளவில் அது முதல் மருந்தைப் பாதியளவு வெளியேற்றுகிறது என்று கணக்கிடுகின்றனர். குறைந்த செறிவிலேயே வெளியேற்றினால் அதன் நாட்டம் மிகுதி என்று பொருள்.

கனடாவில் ஃபிலிப் சீமன் குழுவினரும், அமெரிக்காவில் கிரீஸ், பர்ட், ஸ்னைடர் ஆகியோரும் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையின் திருப்புமுனை. இறைச்சிக் கூடங்களில் எளிதில் கிடைக்கும் கன்றின் மூளையையே அவர்கள் பயன்படுத்தினர். ஒவ்வொரு மனநோய் மருந்தின் நாட்டத்தையும், மருத்துவர்கள் நோயாளிக்கு நாள்தோறும் கொடுக்கும் அளவையும் ஒரே வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் விழுந்தன. ஹாலோபெரிடால் மிகக் குறைந்த செறிவிலேயே பிணைகிறது. நோயாளிக்கும் நாளொன்றுக்குச் சில மில்லிகிராமே போதும். குளோர்ப்ரோமசினின் நாட்டம் குறைவு. நோயாளிக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தேவைப்படுகிறது. கன்றின் மூளைத் துணுக்கு மனிதனின் மாத்திரை அளவை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இதற்குக் காரணம் பின்னாளில் தெளிவாயிற்று. மருந்து வந்தமரும் குழிவு பாலூட்டிகள் அனைத்திலும் ஏறக்குறைய மாறாமல் உள்ளது. டி-2 ஏற்பியின் நீண்ட வடிவம் மனிதனில் 443 அமினோ அமிலங்களாலும் எலியில் 444 அமினோ அமிலங்களாலும் ஆனது. இரண்டிலும் 95 விழுக்காட்டிற்கு மேல் ஒன்றே. டோபமினின் நைட்ரஜன் முனையைப் பற்றிக்கொள்ளும் ஆஸ்பார்ட்டிக் அமிலமும், வளையத்தின் ஹைட்ராக்சில் முனைகளைப் பற்றும் செரின்களும் இரண்டிலும் அப்படியே உள்ளன. ஆகவே குழிவிற்குள் மட்டும் அடங்கும் பழைய மருந்துகளைப் பொறுத்தவரை எலி, கன்று, மனிதன் ஆகியோருக்கிடையே பெரும் வேற்றுமை தோன்றாதது வியப்பன்று.

வேற்றுமைகள் குழிவின் வாயிலை ஒட்டிய வளைவுகளிலும் செல்லின் உட்புறம் நீளும் பகுதிகளிலுமே மிகுதி. டி-3 ஏற்பியின் படிக அமைப்பு 2010ஆம் ஆண்டிலும், ரிஸ்பெரிடோன் பிணைந்த நிலையில் டி-2 ஏற்பியின் அமைப்பு 2018ஆம் ஆண்டிலும் வெளியான பின்னர் இதை நேரில் காண்பதுபோல் காண முடிகிறது. டி-2, டி-3 ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து பிடிக்க வேண்டும் என்று வடிவமைக்கப்படும் புதிய மருந்துகள் குழிவைத் தாண்டி வாயிலையும் தொடுகின்றன. எனவே இத்தகைய மருந்துக்கு எலியின் ஏற்பியில் கிடைத்த எண்ணை மனித ஏற்பியில் சரிபார்க்காமல் ஏற்பது அறிவுடைமையாகாது. டி-4 ஏற்பியில் வேற்றுமை இன்னும் வெளிப்படையானது. அதன் மரபணுவில் 48 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி மனிதரிடையே ஆளுக்கு ஆள் 2 முதல் 11 முறை வரை திரும்பத் திரும்ப வருகிறது. எலியிலும் சுண்டெலியிலும் இத்தகைய மீள்வரிசை இல்லை.

ஏற்பி எங்கே இருக்கிறது?

பிணைப்பு ஒன்றாகவே இருந்தாலும் விளைவு வேறுபடலாம் என்பதற்கு அபோமார்ஃபின் நல்ல எடுத்துக்காட்டு. டோபமின் ஏற்பிகளைத் தூண்டும் இம்மருந்தை நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் என்ற அளவில் நாளத்தில் செலுத்தினாலே வாந்தி எடுத்துவிடும். நஞ்சு தின்ற நாய்களைக் காப்பாற்றக் கால்நடை மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துவர். பூனைக்கு இது அவ்வளவாக வேலை செய்வதில்லை. பூனையின் வாந்தி மையத்தைத் தூண்ட வேறு வகை ஏற்பியின் மேல் செயற்படும் சைலசினையே நாடுகின்றனர். எலிக்கு வாந்தி எடுக்கும் திறனே கிடையாது. அபோமார்ஃபின் பெற்ற எலி ஓயாமல் முகர்ந்து, கண்டதைக் கொறித்துக்கொண்டே இருக்கும். புறா ஓயாமல் கொத்தும். நான்கு உயிர்களிலும் மருந்து போய்ச் சேரும் ஏற்பி ஒன்றே. அது மூளையின் எந்தப் பகுதியில் எவ்வளவு உள்ளது, அப்பகுதி எந்தத் தசையை ஆள்கிறது என்பவையே விளைவை வகுக்கின்றன. 1958ஆம் ஆண்டில் ஹாலோபெரிடாலை உருவாக்கிய பால் யான்சனின் பெல்ஜிய ஆய்வுக்கூடத்தில், அபோமார்ஃபின் தரும் வாந்தியையும் கொறித்தலையும் புதிய பொருள் தடுக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனையாக இருந்தது.

மேற்சொன்ன சைலசின் டோபமின் ஏற்பியைச் சார்ந்ததன்று; ஆனால் அதன் உறவுக் குடும்பமான ஆல்ஃபா-2 ஏற்பியைத் தூண்டுவது. மாட்டை மயக்க, குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போதும். இரத்தத்தில் மருந்து தங்கும் நேரத்தைக் கொண்டு இதை விளக்க இயலவில்லை. வேற்றுமை ஏற்பியையும் அதனோடு இணைந்த புரதங்களையும் சார்ந்தது. குதிரைக்கான அளவை மாட்டிற்குச் செலுத்துவது மாட்டைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்பதைக் கால்நடைத் துறையினர் அனைவரும் அறிவர்.

ஏற்பியை அடையும் முன்னே

பூனைக்காலி விதைக்கு ஆடு அஞ்சாததன் காரணம் அதன் மூளையில் இல்லை, வயிற்றில் உள்ளது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் லெவோடோபாவைப் பெருமளவு சிதைத்துவிடுகின்றன. கோழிக்கும் பன்றிக்கும் அந்தக் காவல் இல்லை. மனிதனிலோ குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் லெவோடோபாவை மூளையைச் சேருமுன்பே டோபமினாக மாற்றிவிடுவதால் குமட்டல் தோன்றுகிறது. அந்நொதியை அடக்கும் கார்பிடோபாவைச் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

இத்தகைய வேற்றுமையைக் கவனியாததன் விளைவுக்கு எம்.பி.டி.பி. என்னும் பொருளைக் கூறலாம். 1982ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட போதைமருந்தில் இது கலந்திருந்தது. அதை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாள்களில் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல் உறைந்துபோயினர். அவர்களின் டோபமின் செல்களே அழிந்துவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் இதை எலியில் செலுத்தியபோது எலி பெரிதும் தப்பித்துக்கொண்டது. குரங்கு மனிதனைப் போலவே பாதிக்கப்பட்டது. சில வகைச் சுண்டெலிகளும் பாதிக்கப்பட்டன. எலியை மட்டும் நம்பியிருந்தால் இப்பொருள் தீங்கற்றது என்று சான்றளிக்கப்பட்டிருக்கும்.

மருந்து உடலில் தங்கும் காலமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியது. 1980களில் ஸ்வீடனின் லார்ஸ் ஃபார்டே, உயிருடன் உள்ள நோயாளியின் மூளையில் எத்தனை விழுக்காடு டி-2 ஏற்பிகளை மருந்து பிடித்துள்ளது என்பதைக் கதிரியக்கப் படமெடுப்பால் அளந்தார். சுமார் 65 முதல் 80 விழுக்காடு வரை பிடித்தால் பயன் உண்டு. 80க்கு மேற்பட்டால் கைகால் விறைப்பும் நடுக்கமும் தோன்றுகின்றன. எலியின் உடல் இதே மருந்தை மனித உடலைவிட நான்கு முதல் ஆறு மடங்கு விரைவாக வெளியேற்றுகிறது. ஆகவே நாளுக்கு ஒருமுறை ஊசி போட்ட எலியின் ஏற்பிகள் சில மணி நேரம் அடைபட்டு, பின்னர் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். விலங்குச் சோதனைகள் பலவற்றில் பயன்பட்ட அளவுகள் மனித நிலையோடு ஒப்பிடத்தக்கவையே அல்ல என்று ஷிதிஜ் கபூர் குழுவினர் 2003ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கன்றின் மூளைத்துணுக்கு சொன்ன உண்மையை முழு எலி மறைத்துவிட்டது. எண்ணற்ற விலங்குகளின் உயிரும் பொதுப்பணமும் இத்தகைய ஆய்வுகளில் செலவாகின்றன என்பதை நினைக்கும்போது இது சிறு பிழையன்று.

வயலில் விளையும் மருந்து

இவ்வேற்பிகளைத் தேடிச் செல்பவை மருந்துக்கடைப் பொருள்கள் மட்டுமல்ல. கம்புப் பயிரைத் தாக்கும் எர்காட் பூசணம் உண்டாக்கும் காரப்பொருள்கள் டோபமின் ஏற்பிகளைத் தூண்ட வல்லவை. 1975ஆம் ஆண்டில் ராஜஸ்தானில் பூசணம் கலந்த கம்பை உண்ட மக்களுக்குக் குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், ஓயாத உறக்கம் ஆகியவை ஏற்பட்டன. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து எழுதினர். இதே வகைக் கம்பைத் தின்ற தாய்ப்பன்றிகளிடம் வேறொன்று நிகழ்ந்தது. 1950களின் இறுதியில் அன்றைய ரொடீசியாவில் அவற்றிற்குப் பால் சுரக்கவே இல்லை, குட்டிகள் மடிந்தன. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டினைப் பிட்யூட்டரி சுரப்பி வெளியிடாமல் டி-2 ஏற்பி தடுப்பதே இதற்குக் காரணம். மனிதனிடம் வாந்தி மையத்தில் வெளிப்பட்டது, பன்றியிடம் மடியில் வெளிப்பட்டது. உப்புக் கரைசலில் தானியத்தை இட்டு, மிதக்கும் பூசணக் கட்டிகளை அகற்றிவிடும் எளிய முறை இரண்டு இழப்புகளையும் தவிர்க்கும்.

சட்டத்தின் நிலை

இந்தியாவில் புதிய மருந்தொன்றை மனிதரிடம் சோதிக்கும் முன், தொடர் அளவு நச்சுத்தன்மையைக் குறைந்தது இரண்டு பாலூட்டி இனங்களிலேனும் ஆராய வேண்டும் என்றும், அவற்றுள் ஒன்று கொறிக்கும் இனமாக இருத்தலாகாது என்றும் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் வகுத்துள்ளன. எலி மறைப்பதை நாய் காட்டும் என்ற எதிர்பார்ப்பே இதன் அடிப்படை. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், மனிதச் செல்களைக் கொண்டு செய்யும் சோதனைகள் போன்ற விலங்கற்ற முறைகளையும் ஏற்கிறது. மனித டி-2 ஏற்பியைத் தாங்கிய வளர்ப்புச் செல்லில் மருந்தின் நாட்டத்தை அளப்பது இன்று எளிது. அதற்காக எலியைக் கொல்ல வேண்டியதில்லை. ஆயினும் வாந்தி, விறைப்பு, பால் சுரப்பு ஆகியவற்றைத் தனிச் செல் காட்டாது. எந்த வினாவிற்கு எந்த இனத்தைத் தேர்ந்தோம், அவ்வினத்தில் அந்த ஏற்பி எங்குள்ளது, எத்தனை விழுக்காடு அடைபட்டது என்ற மூன்றும் விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது, விலங்குகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

வேற்றுமையைத் தடையாகக் கருதாமல் கருவியாகக் கொள்ளும் முயற்சியும் நடந்து வருகிறது. பூச்சிகளுக்கும் டோபமின் ஏற்பிகள் உண்டு. ஆனால் அவை நம் ஏற்பிகளிலிருந்து வெகுவாக விலகியவை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் டி-1 வகை ஏற்பியை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செல்களில் வளர்த்து, மனித டி-1 ஏற்பியோடு ஒப்பிட்டு, 2012ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கொசு ஏற்பியைத் தடுக்கும் பொருள்களைத் தேடியபோது, மனச்சோர்வுக்கு வழங்கப்படும் அமிட்ரிப்டிலின் அதைத் தடுப்பதும், நீரில் கலந்தால் கொசுப்புழுக்களைக் கொல்வதும் தெரிய வந்தன. மனிதனிடமும் செயற்படும் அம்மருந்தைக் குளத்தில் தெளிக்க முடியாது. கொசுவின் குழிவில் இறுகப் பொருந்தி, மனிதனின் குழிவில் நழுவிவிடும் மூலக்கூறு எது என்பதே அவர்கள் முன்னுள்ள தேடல்.